கடலூருக்கு இரண்டு நிலையங்கள், புதுச்சேரிக்கு ஒரு கிளைப்பாதை: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரிப் பகுதி ரயில் நிலையங்களின் வரலாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒருசேர எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஒரு கேள்வியின் பதில் இன்னொன்றின் பதிலோடு பின்னிக் கிடப்பதால், தனித்தனி இதழ்களில் எழுதினால் பொருள் சிதறிவிடும்.

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். ரயிலில் போக வேண்டுமென்றால் விழுப்புரம் சென்று வண்டி மாறித் திரும்பக் கிழக்கே வர வேண்டியிருக்கிறது. இவ்வளவு பழமையான இரண்டு துறைமுக நகரங்களுக்கு நடுவே ஏன் இருப்புப்பாதை போடப்படவே இல்லை?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: இதற்கான விடையை 19-ஆம் நூற்றாண்டின் நில வரைபடத்தில்தான் தேட வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே பாதை அமைத்திருந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும், கர்நாடிக் ரயில்வேயும் 1874-இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியாயின. சென்னையையும் தஞ்சைச் சீமையையும் இணைக்கும் நெடும்பாதையை அந்தக் கம்பெனி 1870-களின் பிற்பகுதியில் இட்டு முடித்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு 1870-இல் எடுத்த முடிவின்படி, இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் மட்டுமே அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதையாக அது அமைந்தது. திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூரைத் தொட்டு, பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் என்று தெற்கே இறங்கிய அந்தப் பாதையை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். திண்டிவனத்திலிருந்து நேராகக் கடலோரத்துக்கு இறங்கியிருந்தால், புதுச்சேரி வழியாகக் கடலூரை இன்னும் குறைந்த தூரத்தில் அடைந்திருக்கலாம். பாதையோ மேற்கே விழுப்புரத்துக்கு ஒதுங்கிப் போய், அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பி மறுபடியும் கடலை நோக்கி வருகிறது. இந்த வளைவுக்குள் கிடந்த நிலம் பிரெஞ்சுக்காரர்களுடையது.

அந்த நிலமும் ஒரே துண்டாக இருக்கவில்லை என்பதை இன்றைக்கும் கடலூர்ச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் கண்ணால் காணலாம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் கடந்து முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடிகிறது. சாலையை விட்டு மேற்கே பாகூர்ப் பக்கம் திரும்பினால், இது எந்த மாநிலம் என்று கடைப் பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அன்று இந்தத் துண்டு நிலங்களுக்கிடையே இருந்தவை இரண்டு பேரரசுகளின் எல்லைகள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பாதை இடுவதென்றால் எல்லையைத் தாண்டுவது குறித்தும், சுங்கச் சாவடிகள் குறித்தும், நிலம் கையகப்படுத்துவது குறித்தும் இரு அரசுகளும் உடன்பட்டாக வேண்டும். இயற்கையும் இடம் கொடுக்கவில்லை. அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, மலட்டாறு, தென்பெண்ணை ஆகியவற்றைக் கழிமுகத்துக்கு அருகே, அவை அகன்று பரவும் இடத்தில் கடந்தாக வேண்டும். உள்நாட்டில் ஒரு பாலம் கட்டுவதற்கும் கழிமுகத்தை ஒட்டிக் கட்டுவதற்கும் செலவில் உள்ள வேறுபாடு பெரிது.

இவற்றோடு வணிகப் போட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலேயக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் பெற்ற நாள் முதலாக இவ்விரு ஊர்களும் எதிரெதிர் முகாம்களாகவே இருந்தன. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். 1783-இல் கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். பீரங்கிகள் ஓய்ந்த பிறகும் போட்டி ஓயவில்லை. இரு துறைமுகங்களிலும் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. தென்னார்க்காட்டு மணிலா, அதாவது நிலக்கடலை, எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறதோ அந்த ஊருக்கே வருமானம். தன் துறைமுகத்தின் சரக்கைப் பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடலோரப் பாதையை இடுவதில் எந்த அரசுக்கு அக்கறை இருந்திருக்கும்?

1954-இல் புதுச்சேரி இந்திய ஆட்சிக்குள் வந்த பிறகு எல்லைத் தடை நீங்கியது. அதற்குள் பேருந்து அந்த 22 கிலோமீட்டரைத் தன்வசமாக்கிக்கொண்டது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்தில் புதிய பாதை அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆனால் இன்னும் ஒரு தண்டவாளமும் இடப்படவில்லை. நாள்தோறும் இவ்விரு ஊர்களுக்கிடையே வேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நெரிசலில் நின்றுகொண்டே போய்வரும் மக்களைப் பார்க்கிற எவருக்கும், இந்தப் பாதை ஏன் இன்னும் வரவில்லை என்ற மனத்தாங்கல் எழாமல் இருக்காது. எனக்கும் அது உண்டு.

கேள்வி: கடலூருக்கு ஏன் இரண்டு ரயில் நிலையங்கள்? வெளியூர் உறவினர்கள் ‘கடலூர்’ என்று பார்த்துத் துறைமுகச் சந்திப்புக்குச் சீட்டு எடுத்துவிட்டு, பிறகு ஆட்டோ பிடித்து வருகிறார்கள்.
– வாசகி, புதுப்பாளையம்

பதில்: கடலூர் என்பது பல ஊர்கள் சேர்ந்த ஊர். தெற்கே, ஆறுகள் கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி வணிகர்களும் கிடங்குகளும் படகுக்காரர்களும் நிறைந்திருந்தது முதுநகர். பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றி வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூர். சமணத்திலிருந்து சைவத்துக்கு மீண்ட அப்பர், கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்டும் மிதந்து கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் இடமும் இதை ஒட்டியதே. கெடிலத்துக்கு வடக்கே மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரியும் (அலுவலகமும்) நீதிமன்றமும் இருந்தன. ரயில் வந்தபோது இவை தனித்தனி வாழ்க்கை உடைய பகுதிகளாகவே இருந்தன. ஒரே நிலையம் போதும் என்று நினைத்திருந்தால் துறைமுகத்துக்காரர்களோ கச்சேரிக்காரர்களோ, யாரோ ஒரு தரப்பினர் மாட்டுவண்டி பூட்டித்தான் ரயிலுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே சரக்குக்கு முதுநகர் நிலையமும், மக்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் நிலையமும் என்று பணி பிரிந்தது. பழைய கால அட்டவணைகளில் அவை கடலூர் பழைய நகரம், கடலூர் புது நகரம் என்றும் வழங்கின. முதுநகர் நிலையத்தின் வளாகம் அகன்று விரிந்து கிடப்பதும், திருப்பாதிரிப்புலியூர் நிலையம் கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் நெருக்கமாக அமைந்திருப்பதும் இந்தப் பிரிவினையின் தடயங்கள். விருத்தாசலத்திலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக வரும் கிளைப்பாதை முதுநகரில் வந்து சேர்ந்ததால் அது சந்திப்பாயிற்று; நீங்கள் சொல்லும் துறைமுகச் சந்திப்பு இதுவே. அந்தப் பாதையின் கதையைக் கீழே வேறொரு பதிலில் சொல்கிறேன்.

துறைமுகத்தின் பெருமை குறையக் குறைய, பயணிகளின் போக்குவரத்து புதுநகர்ப் பக்கம் சாய்ந்தது. பெயரில் ‘கடலூர்’ இல்லாத நிலையமே இன்று பெரும்பாலான கடலூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர் நிலையம். வெளியூர் உறவினர்களிடம் திருப்பாதிரிப்புலியூர் என்று முழுப்பெயரைச் சொல்லிச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் நாம் சொல்லும் ‘திருப்பாப்புலியூர்’ என்ற பெயரை முன்பதிவுக் கணினி அறியாது.

கேள்வி: புதுச்சேரி ரயில் நிலையத்தைப் பிரெஞ்சு அரசு கட்டியது என்று ஒரு சாராரும், ஆங்கிலேயர் கட்டியது என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகர், இலாசுப்பேட்டை

பதில்: இரு சாரார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 38 கிலோமீட்டர். இதில் எல்லை வரையிலான பெரும்பகுதி ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் இருந்தது. எல்லையிலிருந்து புதுச்சேரி நகரம் வரையிலான ஏறத்தாழ 8 மைல் தூரம் மட்டுமே பிரெஞ்சு மண். இந்த 8 மைலுக்காகவே புதுச்சேரி ரயில்வே கம்பெனி என்று ஒரு தனிக் கம்பெனி இங்கிலாந்தில் அமைக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு அதற்கு உரிமம் வழங்கியது; பாதை முடிந்து 1879-இல் வண்டி ஓடத் தொடங்கியதும் வண்டிகளை இயக்கும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே ஏற்றது. ஆக, நிலம் பிரெஞ்சு, கம்பெனி இங்கிலீஷ், வண்டியும் ஓட்டுநரும் தென்னிந்திய ரயில்வேயைச் சேர்ந்தவர்கள், அதில் ஏறி இறங்கியவர்கள் வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் மக்கள். காரைக்காலுக்கும் இதே முறையில் பேரளத்திலிருந்து 1898-இல் ஒரு கிளைப்பாதை வந்தது.

பாதை இடப்பட்ட காலத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் நெடும்பாதை கடலூரை எட்டிய ஆண்டுகளும் அந்தப் பஞ்ச ஆண்டுகளே. ஒரு வேளைக் கூழுக்கு மண் சுமந்தவர்களின் காலத்தில் எழுந்த கரைகளின் மீதுதான் நாம் இன்று போய்வருகிறோம். நிலைய வரலாறு எழுதுவோர் கம்பெனிகளின் பெயர்களையும் கவர்னர்களின் பெயர்களையும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

புதுச்சேரிக்குப் பாதை வேண்டியிருந்ததற்கு முதற்காரணம் மணிலா. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மர்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் நிலக்கடலை கப்பல் கப்பலாகப் போயிற்று. புதுச்சேரி எல்லைக்குள் விளைந்தது அதில் கொஞ்சமே. பெரும்பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தென்னார்க்காட்டுப் புன்செய்களிலிருந்து வந்தது. முன்பு வண்டிமாடுகள் இழுத்து வந்ததை ரயில் இழுத்து வரத் தொடங்கியது. இன்னொரு புறம் பஞ்சாலைகள். கடலூர்ச் சாலையில் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையை ஒட்டி ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடத்தை ஊரார் இன்றும் ‘ஏ.எஃப்.டி. கேட்’ என்றே சொல்கிறார்கள். ஆலைச் சங்கு நின்று பல ஆண்டுகள் ஆகியும் கேட்டின் பெயரில் ஆலை இருக்கிறது.

நிலையம் அமைந்துள்ள இடமும் கவனிக்கத்தக்கது. பழைய நகரத்தைச் சுற்றியுள்ள புல்வார்களில், அதாவது அகன்ற சுற்றுச்சாலைகளில், தெற்கே இருப்பது இன்றைய சுப்பையா சாலை. அதன் ஓரத்தில், 1907-இல் திறக்கப்பட்ட இருதய ஆண்டவர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கடலுக்குச் சிறிது தொலைவே எஞ்சியிருக்கும்போது பாதை முடிந்துவிடுகிறது. வந்த வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும். புதுச்சேரி நிலையம் தொடக்கம் முதல் இன்றுவரை முட்டுநிலையமாகவே இருக்கிறது என்றால், மேலே முதல் பதிலில் சொன்ன கடலூர்ப் பாதை வராததே அதற்குக் காரணம்.

கேள்வி: அந்தக் காலத்தில் ரயிலில் புதுச்சேரிக்கு வருபவர்களைச் சோதனை போட்டார்கள் என்று என் தாத்தா சொல்வார். ஒரு ரயில் பயணத்துக்கு நடுவில் சுங்கச் சோதனை இருந்தது உண்மையா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: உங்கள் தாத்தா சொன்னது உண்மை. உங்கள் ஊரான வில்லியனூர்தான், விழுப்புரத்திலிருந்து வரும்போது பிரெஞ்சு எல்லைக்குள் அமைந்த முதல் நிலையம். அதற்கு முந்திய சின்னபாபுசமுத்திரம் ஆங்கிலேயர் பக்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே வண்டி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் நுழைந்தது. பிரெஞ்சுப் பகுதியில் சாராயமும் வெளிநாட்டுச் சரக்குகளும் வரி குறைவாகக் கிடைத்ததால், அவை ஆங்கிலேயப் பகுதிக்குள் வராமல் தடுப்பது சுங்கத்துறையின் ஓயாத வேலையாக இருந்தது.

1941-இல் இரு அரசுகளுக்கும் இடையே சுங்க உடன்பாடு ஏற்பட்டுக் கெடுபிடி தளர்ந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின் 1949-இல் அந்த உடன்பாடு முடிவுக்கு வரவே, புதுச்சேரியைச் சுற்றிலும் சுங்க வேலி முன்னைவிட இறுகியது. இந்த ஐந்தாறு ஆண்டுகளைத்தான் உங்கள் தாத்தா தலைமுறையினர் மிகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று நான் கருதுகிறேன். பெண் கொடுத்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், பெண் எடுத்த வீடு இந்தப் பக்கம் என்று வாழ்ந்தவர்களுக்குச் சீர்வரிசைப் பாத்திரத்தைக்கூடப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் எடுத்துச்செல்ல முடிந்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதும் சோதனை நின்றது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல்தான் நிறைவேறியது. ரயில்வேயைப் பொறுத்தவரை அதற்குள் நிர்வாகமும் மாறிவிட்டிருந்தது: தென்னிந்திய ரயில்வே 1944-இல் அரசுடைமையாகி, 1951 ஏப்ரல் 14-இல் தென்னக ரயில்வேயின் பகுதியாயிற்று.

சுங்கக்காரர்களோடு இன்னொரு கூட்டமும் அந்த நிலையத்தைக் கண்காணித்தது. பாரதியார் 1908-இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த பிறகு, ஆங்கிலேய அரசின் ரகசியப் போலீசார் இங்கே முகாமிட்டனர். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தக் கண்காணிப்பு பன்மடங்காயிற்று. பாரதியார் 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கைதுசெய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

கேள்வி: ஸ்ரீ அரவிந்தர் வந்திறங்கியது புதுச்சேரி ரயில் நிலையத்திலா?
– வாசகர், உழவர்கரை

பதில்: இல்லை. அவர் கல்கத்தாவிலிருந்து ‘டூப்ளே’ என்ற கப்பலில் புறப்பட்டு 1910 ஏப்ரல் 4-ஆம் நாள் புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கினார். ரயிலில் வந்திருந்தால் ஆங்கிலேய ஆட்சிப் பகுதியின் எல்லா நிலையங்களையும் கடந்து வந்திருக்க வேண்டும். அன்றைய நிலையில் அது அவருக்கு ஆபத்தான வழி.

கேள்வி: ஒருகாலத்தில் தனுஷ்கோடி போட் மெயில் கடலூர் வழியாகப் போயிற்று என்கிறார்கள். கடலூர் வழிப் பாதைக்கு மெயின் லைன் என்று பெயர் இருந்தும் திருச்சி, மதுரை விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை இன்று விருத்தாசலம் வழியாகவே போகின்றன. கடலூர் எப்போது ஒதுக்கப்பட்டது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சென்னை எழும்பூரிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களை ஏற்றிச்சென்ற போட் மெயில், 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை தூத்துக்குடிக்குப் போய் அங்கே கப்பலோடு இணைந்தது. அதன் பிறகு தனுஷ்கோடிக்குப் போயிற்று. இரண்டு காலத்திலும் அது விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் வழியாகச் சென்ற வண்டி. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு கப்பல் இணைப்பு அறுந்துவிட்டது.

கடலூர் ஒரே நாளில் ஒதுக்கப்படவில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை 1920-களின் இறுதியில் திறக்கப்பட்டது. இதுவே கார்டு லைன். கடலையும் காவிரிக் கழிமுகத்து ஆறுகளையும் சுற்றிக்கொண்டு போகாமல் வறண்ட நிலத்தின் குறுக்கே போவதால் தூரமும் நேரமும் மிச்சம். ஏறத்தாழ அதே காலத்தில் விருத்தாசலம்–கடலூர்க் கிளைப்பாதையும் வந்து, பின்னர் சேலம் வரை தொடர்பு கிடைத்தது. கடலூர்த் துறைமுகத்துக்கு உள்நாட்டோடு அகலமான ஒரு வாசல் திறந்த ஆண்டுகளே, நெடுந்தூரப் பயணிகளின் வண்டிகள் அதைவிட்டு விலகத் தொடங்கிய ஆண்டுகளாகவும் அமைந்தன. 1956-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்ததும் அந்தக் கிளைப்பாதையின் மதிப்பு வேறு வகையில் உயர்ந்தது.

பெரிய அடி விழுந்தது, மீட்டர் கேஜ் பாதைகளை அதைவிட அகலமான தண்டவாள இடைவெளி கொண்ட அகலப்பாதையாக மாற்றியபோது. சென்னை–விழுப்புரம்–திருச்சி நேர்ப்பாதை 1990-களின் இறுதிக்குள் அகலப்பாதையானது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 2004-இல் மாறியது. ஆனால் விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறை 122 கிலோமீட்டர் பாதையில் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்ட பின், அகலப்பாதை வண்டிகள் ஓடத் தொடங்க 2010-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தச் சில ஆண்டுகளில் சிதம்பரத்துக் கல்லூரிக்குப் பாசஞ்சர் வண்டியில் போன பிள்ளைகள் பேருந்துக்கு மாறினார்கள். பண்ருட்டிப் பலாப்பழமும் முந்திரியும் லாரிக்கு மாறின. ஒருமுறை மாறிய பழக்கம் திரும்புவது கடினம். மெயின் லைன் என்ற பெயருக்குரிய வண்டிகளைக் கேட்டுக் கடலூர்ப் பயணிகள் மனுக் கொடுத்துக்கொண்டே இருப்பதன் பின்னணி இது. அவர்கள் கேட்பது சலுகை என்று சிலர் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாவட்டத் தலைநகருக்கு உரிய அளவான சேவையைத்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள சிறிய ரயில் நிலையத்தின் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறேன். புத்தகம் எதுவும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் கடிதம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது. உங்கள் ஊரே நல்ல தொடக்கம். 1842-இல் நிறுவப்பட்ட சர்க்கரை ஆலை நெல்லிக்குப்பத்தில் இருக்கிறது. ரயில் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே ஆலை இருந்தது என்றால், கரும்பும் சர்க்கரையும் அதற்கு முன் எந்த வழியே போய்வந்தன, ரயில் வந்த பின் எது மாறியது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம்.

முதலில் நிலையத்துக்கே போங்கள். நிலைய மேலாளரிடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி பெற்று, தண்டவாளத்தில் இறங்காமல், நடைமேடையிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பழைய நிலையக் கட்டடம் எஞ்சியிருந்தால் அதன் தரைமட்டத்தைப் பாருங்கள். மீட்டர் கேஜ் காலத்து நடைமேடைகள் தாழ்வானவை. அகலப்பாதைக்கு மாற்றியபோது அவை உயர்த்தப்பட்டன. பழைய கட்டடத்துக்குள் நுழைய ஒரு படியோ இரண்டு படியோ இறங்க வேண்டியிருந்தால், அந்தப் படியின் உயரம் உங்கள் நிலையத்தின் இரண்டு காலங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேலிக் கம்பங்களையும் கூரையைத் தாங்கும் தூண்களையும் பாருங்கள். தேய்ந்துபோன பழைய தண்டவாளத் துண்டுகளை வெட்டி இப்படி நட்டுவைப்பது ரயில்வேயின் நெடுங்கால வழக்கம். கஜத்துக்கு 50, 60 பவுண்டு எடையுள்ள மீட்டர் கேஜ் தண்டவாளங்கள் இன்றைய தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மெலிந்து தெரியும். அவற்றின் தலைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள பட்டையான இடுப்புப் பகுதியில், உருக்கிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். பல பூச்சுப் பெயிண்டுக்கு அடியில் எழுத்து மங்கியிருந்தாலும், ஒரு வெள்ளைத்தாளை அதன்மீது வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் படியும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் புகைப்படத்திலும் தெளிவாக விழும். அந்த ஆண்டு தண்டவாளம் வார்க்கப்பட்ட ஆண்டு மட்டுமே. நிலையம் கட்டப்பட்ட ஆண்டாக அதைக் கொள்ளக் கூடாது. வேறு ஊரில் கழற்றப்பட்ட தண்டவாளமாகவும் அது இருக்கலாம்.

மூன்றாவது, மனிதர்கள். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன் (வண்டியைத் தடம் மாற்றிவிடுபவர்), கேங்மேன் (தண்டவாளத்தைப் பராமரிப்பவர்), கேட்கீப்பர் ஆகியோரைத் தேடிப் பிடியுங்கள். இவர்களில் கேங்மேன்களையும் கேட்கீப்பர்களையும் முதலில் பாருங்கள். அவர்களிடம் யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். வண்டி அடுத்த நிலையம்வரை போக அனுமதி அடையாளமான டோக்கன் உருண்டையை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த கருவிகள் இருக்கும். ஒன்றிலிருந்து ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைக் கருவிக்குள் போய்ச் சேரும்வரை இன்னோர் உருண்டை எதிலிருந்தும் வராது. அந்த உருண்டையைத் தோல்பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கோத்து, நிற்காமல் போகும் வண்டியின் ஓட்டுநர் கையில் மாட்டும்படி நீட்டிப் பிடிக்க வேண்டும். மழை இரவில் இதைச் செய்தவர் ஒருவர் சொல்லக் கேட்டால் உங்களுக்கு எழுதப் பல பக்கங்கள் கிடைக்கும். சொல்பவரின் ஒப்புதலோடு பதிவு செய்யுங்கள். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வீடுகளிலும் கேளுங்கள். கெட்டி அட்டையில் அச்சடித்த, கட்டைவிரல் நீளமே உள்ள பழைய ரயில் சீட்டுகள் பலரிடம் புத்தகங்களுக்கு நடுவே கிடக்கும். எட்மண்ட்சன் சீட்டு எனப்படும் அதில் ஊர்ப்பெயர்கள், வகுப்பு, கட்டணம், வரிசை எண் எல்லாம் இருக்கும். தேதி அச்சில் இராது. சீட்டு கொடுக்கும்போது ஓர் இரும்புக் கருவியில் அழுத்தி ஓரத்தில் பதித்தார்கள். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும். ஒரே தடத்தில் வெவ்வேறு ஆண்டுகளின் சீட்டுகள் இரண்டு கிடைத்தாலும் கட்டணம் ஏறிய கதையை ஆதாரத்தோடு எழுதிவிடலாம்.

ஆவணங்களுக்கு, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முதன்மையானது. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் (கெஜட்டியரில்) ரயில் பாதைகள், சாலைகள், துறைமுகங்கள் பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டுப் போனால், என்ன கோப்பு கேட்பது என்று உங்களுக்கே தெரியும். பிரெஞ்சுப் பகுதி பற்றி அறிய, புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. அங்குள்ளவற்றில் பெரும்பகுதி பிரெஞ்சு மொழியில் இருப்பதால், அந்த மொழி அறிந்த ஒரு தோழியை உடன் அழைத்துச் செல்லுங்கள். திருச்சியில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். டோக்கன் கருவியைப் பற்றிக் கேட்டதைக் கண்ணால் கண்டுவிட்டு எழுதுவது நல்லது.

தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் திருப்பாதிரிப்புலியூர், புதுச்சேரி நிலையங்கள் சேர்க்கப்பட்டுச் சீரமைக்கப்படுகின்றன. முதியோருக்கு மின்தூக்கியும், பெண்களுக்கு நல்ல கழிப்பறையும், வெயிலுக்குக் கூரையும் வருவதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் ஒரு பழைய கட்டடம் இடிபடுமுன் அதன் அளவுகளையும் படங்களையும் எடுத்து வைப்பதற்குக் கூடுதல் செலவு எதுவும் ஆகாது. பெரிய நிலையங்களுக்கு அதைச் செய்ய யாரேனும் முன்வருவார்கள். வரக்கால்பட்டு, மேல்பட்டாம்பாக்கம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் போன்ற சிறு நிலையங்களுக்கு உங்களைப் போன்றவர்களே செய்தாக வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு படியை நிலைய மேலாளரிடமும், ஒரு படியை ஊர் நூலகத்திலும் கொடுங்கள். ஒன்றை இந்தப் பகுதிக்கு அனுப்பினால், இடம் இருக்கும் அளவுக்கு வெளியிட ஆசிரியரிடம் நானே கேட்கிறேன்.